சுவரில் மூன்றாவது பிள்ளை

மார்ச் 4, செவ்வாய்

காலை ஷிஃப்ட். உருகின பனி ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி உறைந்து ரோடெல்லாம் கண்ணாடி. ஒரு திருப்பத்தில் நான் ஓட்டிய பஸ் லேசாக வழுக்கியது. யாரும் விழவில்லை. ஒரு கிழவர் மட்டும் என்னை முறைத்துக்கொண்டே இறங்கினார், பனியை நான்தான் கொட்டினேன் என்பதுபோல.

வீட்டுக்கு வந்தால் நுழைவாசல் பலகையில் புதுத் தாள். எங்கள் கட்டடத்தின் கிழக்குச் சுவர், ஜன்னலே இல்லாத அந்த மொட்டைச் சுவர், முழுக்க ஓவியம் வரையப் போகிறார்களாம். 'சிறு பிள்ளையாக இந்த நாட்டுக்கு வந்தவரா நீங்கள்? உங்கள் கதையைச் சொல்லுங்கள்.' கீழே ஃபோன் நம்பர். அதற்கும் கீழே வட்டார நிர்வாகத்தின் முத்திரை.

நான் முதலில் பார்த்தது முத்திரையைத்தான்.

மார்ச் 6, வியாழன்

துணி துவைக்கும் அறையில் மிமோசா. எட்டு வயதில் கொசோவோவிலிருந்து விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவள். இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டாளாம்.

"நீயும் வாடி. பெயிண்ட் பண்றவளே நம்மள மாதிரிதான். அஞ்சு வயசுல சிலியிலருந்து வந்தவ."

"யாரு காசு குடுக்குறாங்க?"

"யாரு குடுத்தா உனக்கென்ன? சுவர்ல நம்ம மூஞ்சி வரும். இத்தனை வருஷமா வாடகை கட்டுறோமே, ஒரு மூஞ்சி கூடவா வரக்கூடாது?"

சிரித்தேன். ஆனால் எதற்கு இப்போது? எந்த வயதில் வந்தாய், யாரோடு வந்தாய், எந்த வழியாக வந்தாய் — இந்த மூன்று கேள்வியையும் இதே வரிசையில் வேறொரு இடத்திலும் கேட்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு.

மார்ச் 9, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசனை. எங்கள் சோமாலி மொழியில் எழுதினால் ஒளித்ததாகிவிடுமா? அந்தக் குடியேற்ற அலுவலகத்திலும் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள்.

இருந்தாலும் எங்காவது ஓர் இடத்தில் நேராகச் சொல்ல வேண்டும்.

என் பெயர் லூல் இல்லை. லூல் என் சித்தியின் மகள். 1999 ஆகஸ்டில் நைரோபியில் அம்மை போட்டுச் செத்துப்போனாள். ஏழு வயது. ஒஸ்லோவில் இருந்த சித்தப்பா, தன் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்கி அனுப்பிய விசா அதற்கு முந்தின வாரம்தான் வந்திருந்தது. நான் ஹிபாக், அம்மா இல்லாத பெண், சித்தியோடு வளர்ந்தவள், ஆறு வயது. அக்டோபரில் லூலின் காகிதத்தில் நான் வந்து இறங்கினேன். அன்றிலிருந்து சித்தி எனக்கு அம்மா, அவள் மகன் குலேத் எனக்கு அண்ணன். இந்த நாட்டில் லூல் படித்தாள், பஸ் லைசென்ஸ் வாங்கினாள், கல்யாணம் பண்ணி விவாகரத்தும் பண்ணினாள்.

இது தெரிந்தவர்கள்: சித்தி, குலேத். சித்தப்பா பதினோரு வருடம் முன் இறந்துவிட்டார். அப்புறம் மிமோசா. விவாகரத்து முடிந்த வாரம் என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதபோது அவளிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

போன வருடம் எங்கள் டெப்போவில் ஒருத்தரைப் பற்றி யாரோ பெயரில்லாமல் எழுதிப்போட்டு, அவர் குடியுரிமையைப் பிடுங்கிவிட்டார்கள். பதினெட்டு வருடம் ஓட்டினவர். பிள்ளையாக வந்தவர்தான் அவரும்.

மார்ச் 13, வியாழன்

கூட்டத்துக்குப் போனேன். கதை சொல்ல இல்லை, யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க.

நோன்பு மாதத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாஃபிள் சுட்டு வைத்திருக்கிறார்கள். பாதிப் பேர் வாசனை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓவியக்காரி அம்பாரோ, ஐம்பது வயதிருக்கும், நகமெல்லாம் நீலம். மேசைமேல் ஃபோனை வைத்துப் பதிவு செய்கிறாள். வட்டார நிர்வாகத்திலிருந்து வந்த ஓத்வார் என்பவர் கதவருகில் நின்று தலை எண்ணினார். பெயர் எழுதத் தாள் வந்தது. பெயரும் வீட்டு எண்ணும். பேனாவை வாங்கினேன், எழுதுகிற மாதிரி குனிந்து, தாளைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன்.

"சுவர்ல பேரே வராது," என்றாள் அம்பாரோ. "கையில என்ன வெச்சிருந்தீங்க, யார் கையைப் பிடிச்சிருந்தீங்க, அதை மட்டும் சொல்லுங்க போதும்."

அதை மட்டும். எவ்வளவு லேசாகச் சொல்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி

அந்தப் பதிவெல்லாம் எங்கே போகும்? யாரும் கேட்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அரசாங்கத்திடமிருந்து மின்னஞ்சல் பெட்டியில் ஒரு கடிதம். தலைப்பு: 'உங்களுக்கான முக்கியத் தகவல்'. திறக்கவில்லை. கூட்டம் நடந்து எட்டு நாள். எட்டு நாளில் வருமா? வரலாம்.

மார்ச் 24, திங்கள்

திறந்தேன். கர்ப்பப்பைப் பரிசோதனைக்கு நாள் வந்துவிட்டதாம். மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். நோன்பு என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

பெருநாள். சித்தி வீட்டில் ஆட்டிறைச்சிச் சோறு, வாழைப்பழம். குலேத் தன் மனைவி பிள்ளைகளோடு வந்தான். எலெக்ட்ரீசியன் வேலையில் பெருநாளன்றும் ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும், இன்று அணைத்து வைத்திருந்தான். வழக்கமாக என்னை "டிரைவரம்மா, இன்னிக்கு எத்தனை பேரை விட்டுட்டு வந்தே?" என்று வம்புக்கு இழுப்பவன், ஒரு வார்த்தை பேசவில்லை. பால்கனியில் சிகரெட்டோடு நின்றான். மனைவியோடு சண்டையாக இருக்கும்.

ஏப்ரல் 3, வியாழன்

கதவைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன்.

கீழ்த்தளத்து அறையில் சுவரோவியத்தின் மாதிரியை வைத்திருக்கிறார்கள். மேசை நீளத்துக்கு ஒரு தாள். மிமோசாவின் விமானம் இருந்தது, அதன் ஜன்னலில் ஒரு பூனை. வியட்நாம் படகு, ஈரான் மலை. பார்த்துக்கொண்டே போனேன். இடது ஓரத்தில்—

ஒரு பையன். அவனுடைய வலது கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி, பெரிய சிவப்புக் கோட்டு, விரல் நுனிகூடத் தெரியாமல் நீளக் கை. பையனின் இடது பக்கம் இன்னொரு பிள்ளை. வெறும் பென்சில் வெளிக்கோடுதான். முகம் இல்லை, நிறம் இல்லை. ஆனால் அந்தக் கோட்டு அந்தப் பிள்ளைக்குத்தான் அளவாக இருக்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் யாருக்கும் புரியும்.

சிவப்புக் கோட்டு. சித்தப்பா ஒஸ்லோவிலிருந்து லூலுக்கு வாங்கி அனுப்பியது.

ஓத்வார் பக்கத்தில் வந்து, "இது ரொம்ப அழகா இருக்கில்ல?" என்றார். என்னிடம் ஏன் கேட்டார்? அறையில் இருபது பேர் இருந்தார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

மிமோசா. வேறு யார்? கோட்டைப் பற்றியும் அன்று சமையலறையில் சொன்னேனே.

வேலை முடிந்து யூனிஃபார்மோடு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். ஷூவைக் கூடக் கழற்றவில்லை.

"உன் கதை பத்தலையா உனக்கு? என் கதையும் வேணுமா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்து, ஆமாம், இவள்தான் என்று நினைத்தேன்.

"நான் சொன்னேன்னு நினைக்கிறியா?"

"வேற யாருக்குத் தெரியும்?"

"மூணு வருஷம்," என்றாள். "என் புருஷன்கிட்ட சொல்லல. எங்கம்மாகிட்ட சொல்லல. உன் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் நாக்கு தப்பிடுமோன்னு எனக்குப் பயமா இருக்கும், தெரியுமா உனக்கு? போ. நீ எல்லார் மேலயும் சந்தேகப்பட்டுட்டே இரு. என் வீட்டை விட்டுப் போ."

நன்றாக நடிக்கிறாள் என்றுதான் படியிறங்கும்போது தோன்றியது. அப்படித் தோன்றியதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மிமோசா என்னைப் பார்த்ததும் லிஃப்டில் ஏறாமல் படிப்பக்கம் போனாள்.

ஏப்ரல் 10, வியாழன்

ஒரு ஆள் மூன்று நிறுத்தங்களில் நின்று என் பஸ்ஸைப் படம் எடுத்தான். இரண்டாவது முறையே எண்ணைக் குறித்துக்கொண்டேன். நான்காவதில் கண்ணாடியை இறக்கி, "என்ன வேணும் உங்களுக்கு?" என்றேன். மூக்கு சிவந்துவிட்டது பாவம். புது மின்சார பஸ்களையெல்லாம் படம் பிடித்துச் சேர்க்கிறானாம். நோட்டைக் காட்டினான். நூற்றுப் பன்னிரண்டு பஸ்.

எனக்கு என்ன ஆகிறது?

ஏப்ரல் 12, சனி

அம்பாரோவைப் போய்ப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் தனியாகச் சாயம் கலந்துகொண்டிருந்தாள். சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்: இடது ஓரத்துப் படம் யாருடையது?

"அதைச் சொல்ல மாட்டேன்," என்றாள், தலையைத் தூக்காமல். "சொல்றவங்க எல்லாருக்கும் அந்த வாக்கு குடுத்துத்தான் பேச வைக்கிறேன். ஓத்வாருக்கே தெரியாது. அவருக்கு வேணும்தான், அறிக்கையில போட. நான் குடுக்கல. பதிவையும் அன்னன்னைக்கே அழிச்சிடுவேன்."

நம்பலாமா? வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அவள் தனக்குத்தானே பேசுவதுபோல, "நான் வரைஞ்சதுலேயே கஷ்டமான கதை அது. சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவை வெளிய போய் சிகரெட் பிடிச்சிட்டு வந்தாரு" என்றாள்.

மிமோசா சிகரெட் வாசனை வந்தாலே ஜன்னலைத் திறப்பவள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குலேத்தின் வேனில், மரச்சாமான் கடைப் பார்க்கிங்கில் ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் அப்படியே எழுத முயல்கிறேன்.

"நீயா அண்ணே?"

அவன் என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றான்.

"என்னைப் பத்திச் சொன்னியா?"

"உன்னைப் பத்தியா? எல்லாமே உன்னைப் பத்திதானாடி? எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. செத்துப்போயிட்டா. அதைச் சொன்னேன்."

"கோட்டு?"

"அவளுக்கு வாங்கின கோட்டை வேற ஒரு பொண்ணு போட்டுட்டு வந்தான்னு சொன்னேன். யாருன்னு சொல்லல. அந்தம்மாவும் கேக்கல."

"பாஸ்போர்ட் போயிடும் அண்ணே. என்னைத் தூக்கி எங்க போடுவாங்க? எந்த ஊரு இருக்கு எனக்கு?"

"உன்னோடது மட்டுமா? பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தது எங்கம்மா. கூடவே நின்னு தலையாட்டினது நான். அதையெல்லாம் நான் யோசிக்கலைன்னு நினைக்கிறியா? ரெண்டு வாரம் தூங்கல." சிகரெட்டை எடுத்து, பற்ற வைக்காமல் மறுபடி பெட்டியில் வைத்தான். "அப்ப எனக்கு ஒன்பது வயசு. ஏர்போர்ட்டுக்குப் போற வழியில அம்மா சொல்றா, இனிமே இவதான் லூல், வாய் தவறினா எல்லாரையும் திருப்பி அனுப்பிடுவாங்க. முதல் தடவை உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டப்போ, அவ திரும்பிப் பாப்பான்னு நினைச்சேன். நிஜமாவே நினைச்சேன். நீ திரும்பிப் பாத்தே."

இத்தனை வருடமாக, பெயர் போனது எனக்குத்தான் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

இறங்கும்போது சொன்னான்: "உனக்கு வேணாம்னா வேணாம். எடுக்கச் சொல்லிடறேன்."

அந்தப் படம் வேண்டாம் என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எடுத்துவிட்டார்களாம். ஒரு வரியில் செய்தி அனுப்பினான். நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா?

மிமோசாவுக்கு, 'தப்பு என் மேல்தான்' என்று எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள். பதில் இல்லை.

மே 5, திங்கள்

சாரம் கட்டி வேலை தொடங்கி ஒரு வாரம். என் வழித்தடம் அந்தச் சுவரை ஒரு நாளில் பன்னிரண்டு முறை கடக்கிறது. விமானம் வந்துவிட்டது, மலை வந்துவிட்டது. இடது ஓரம் மட்டும் வெறும் சிமென்ட். அங்கே எதை வரைவது என்று அம்பாரோ முடிவு செய்யவில்லையாம். ஒவ்வொரு முறையும் கண் அங்கேதான் போகிறது. பயணிகள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. எனக்குத்தான் சுவரிலேயே பெரிய படம் அதுபோல இருக்கிறது.

மே 8, வியாழன்

சித்தி வீடு. கன்ஜேரோ சுட்டுக்கொண்டிருந்தாள். மாவை ஊற்றி, கரண்டியால் சுழித்து, மூடி போட்டு. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் கேட்க முடிந்தது.

"அம்மா, லூலுக்காக நீ அழுது நான் பாத்ததே இல்லையே."

கரண்டி நின்றது. இந்த வீட்டில் அந்தப் பெயரை அந்தப் பெண்ணுக்காக யாரும் சொன்னதில்லை.

"எப்படி அழுறது?" என்றாள். "அழுதா யாரு செத்தாங்கன்னு கேப்பாங்க. யார் பேரைச் சொல்றது? காகிதத்துல எல்லாரும் உயிரோடதானே இருக்கோம்."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னது எனக்குத் தெரியாத விஷயம். சித்தப்பாவிடம் ஃபோனில் அவள் சொல்லவே இல்லை. ஃபோனில் யார் கேட்பார்களோ என்ற பயம். ஒஸ்லோ விமான நிலையத்தில் சித்தப்பா என்னைத் தூக்கியது எனக்கு நினைவிருக்கிறது. தூக்குவதற்கு முன்னால் நடந்தது நினைவில்லை.

"கோட்டைப் பாத்துட்டு ஓடி வந்தாரு. சிரிச்சிட்டே ஓடி வந்தாரு. பக்கத்துல வந்து உன் முகத்தைப் பாத்தாரு. நின்னுட்டாரு. என்னைப் பாத்தாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பின்னாடி போலீஸ்காரன் ஒருத்தன் நின்னுட்டிருந்தான். உங்கப்பா குனிஞ்சு உன்னைத் தூக்கி, 'லூல்! என் பொண்ணு லூல்!'னு சத்தமா சொன்னாரு. அந்த ஆளுக்குக் கேக்கணும்ல. வீட்டுக்கு வந்து, குளியலறைத் தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதாரு."

அதற்கு அப்புறம் அவள் அழுதாள். இருபத்தாறு வருடத்து அழுகை. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள், "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று. நான் போய்த் திறந்தேன். வாயில் வழக்கமான பொய் தயாராக இருந்தது. டிவியில் ஒரு படம், அப்படி ஏதாவது.

"எங்க வீட்ல ஒரு பிள்ளை செத்துப்போச்சு," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். யார், எப்போது என்றெல்லாம் கேட்கவில்லை.

மே 9, வெள்ளி

அம்பாரோவிடம்: "அந்த ஓரத்துப் படத்தை வரைஞ்சிடுங்க." என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சொன்னவர் சம்மதிக்கணுமே." சம்மதிப்பார் என்றேன். நான் யார் என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டதோ?

தெரிந்திருந்தால்? எப்போது வேண்டுமானாலும் ஒரு கடிதம் வரலாம். இரண்டு மாதமாக அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் என் பயத்துக்காக ஒரு பிள்ளை இன்னொரு தடவை இல்லாமல் போக வேண்டாம்.

மே 22, வியாழன்

மிமோசா பஸ்ஸில் ஏறினாள். கடைசி நிறுத்தம் வரை முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள், அவள் இறங்க வேண்டிய இடம் எப்போதோ தாண்டிவிட்டது. எல்லோரும் இறங்கின பிறகு:

"உன்மேல கோவம் இன்னும் போகல."

"தெரியும்."

"நீ என்னை அப்படி நினைச்சேங்கறது எப்பவும் இருக்கும்."

"தெரியும் மிமோசா."

"சரி. பசிக்குது. சாப்பிட ஏதாவது வெச்சிருக்கியா?"

பாதி ரொட்டி இருந்தது. இருவரும் தின்றோம். இனிப் பழைய மாதிரி இருக்குமா? இருக்காது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் ஏறினாளே.

ஜூன் 14, சனி

திறப்பு விழா. ஓத்வார் பேசினார், நீளமாக. மிமோசாவின் மகள் பூனையைப் பார்த்துக் கத்தினாள். சித்தி இடது ஓரத்தில் போய் நின்றவள் நகரவே இல்லை. யாரோ பத்திரிகைக்காகப் படம் எடுத்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குலேத் திருப்பவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய். நைரோபி

நேற்று காலை வந்து இறங்கினோம். சித்தி, குலேத், நான். விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டைக் கூடுதலாக இரண்டு முறை புரட்டினான். எல்லோருக்கும் அப்படித்தான் செய்தானோ என்னவோ.

இன்று இடுகாடு. வாசலில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு பெரிய நோட்டு. காவல்காரர் எங்கள் மொழிக்காரர். 1999 பதிவேடு மழையில் ஊறிப்போய்விட்டது, ஆனால் அந்த வருடம் அம்மையில் போன பிள்ளைகளையெல்லாம் ஒரே வரிசையில்தான் வைத்தார்கள், வேலி ஓரம், காட்டுகிறேன் என்றார். அதற்கு முன், வந்திருக்கிற எங்கள் பெயரை எழுத வேண்டும். யாரைப் பார்க்க வந்தோம் என்பதையும்.

சித்தி சொன்னாள். முழுப் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். நிதானமாக, ஒவ்வொன்றாக. அவர் எழுதிக்கொண்டார். பிறகு என் பாஸ்போர்ட்டை வாங்கித் திறந்தார். எழுதப் போனவர் நிறுத்தினார். மேல் வரியைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே பேரா இருக்கே?"

வழக்கம்போல அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க," என்றான் குலேத். "எனக்கு ரெண்டு தங்கச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான்."

காவல்காரர் தலையசைத்துவிட்டு எழுதினார். மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தே வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தார். சித்தி அதற்குள் வேலிப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.